நல்லூர்க் கொல்லையில் கொட்டிய அச்சுகள்

விருத்தாசலம்
9.2.2025, ஞாயிறு

தம்பி ராஜ்மோகனுக்கு,

அக்கா பானுமதி எழுதுகிறேன். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். குஜராத் மோர்பி விலாசத்தை, நல்லூரில் தாய்வீட்டில் இருக்கும் பூர்ணிமாவிடம் வாங்கினேன். "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க அண்ணி" என்றாள். சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டியை ஒன்றும் கேட்காதே.

நான் படிக்கிறேன். சிரிக்காதே. தபால் வழியில் பி.ஏ., ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேர் வகுப்பு. அறிவு வளரட்டும் என்றெல்லாம் சேரவில்லை. நம் பீங்கான் பட்டறையில் ப்யூஸ் கேரியர் எடுக்கிற பெங்களூர் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். "மேடம், உங்க பட்டறைல சஸ்டெயினபிலிட்டி எப்படி இருக்கு?" என்றான். "நல்லா இருக்குது சார், போன வாரம்தான் சர்வீஸ் பண்ணோம்" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சேர்ந்தேன்.

சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம். எடுப்பவர் மங்கலம்பேட்டை மஹிரா மேடம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். "அக்கா, கடைல கல்லாப் பக்கம் உக்காருவீங்கல்ல, அதே மாதிரி முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டுவிட்டார். அவரவர் தொழிலில் வீணாகிற ஒரு பொருளை எடுத்து அதற்கு ஒரு பயன் கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் செய்முறை. பக்கத்து பெஞ்சு கண்டக்டர் பழமலைநாதன் கிழிந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டார். நான் நம் அச்சுகளை எடுத்தேன்.

கோபப்படாமல் படி. நீ மகள் பாலாம்பிகாவுக்கு மொட்டை போடத் திருப்பதி போயிருந்தபோது நான் உடைக்கச் சொன்ன பொம்மை அச்சுகள்தான். அப்படியே குவிந்து கிடந்தன. அச்சு என்பது என்ன? பிளாஸ்டர். பிளாஸ்டர் என்பது என்ன? ஜிப்சம். நம் பக்கத்து ஜனம் மல்லாட்டைக்கு (புத்தகத்தில் நிலக்கடலை) மண் அணைக்கும்போது எதை வாங்கிப் போடுகிறது? அதே ஜிப்சம். பாடம் நடத்தும்போதே எனக்கு மண்டையில் பல்பு எரிந்துவிட்டது. குவியலை மிஷினில் அரைத்து ஒரு டிராக்டர் லோடு உன் மாமனார் பச்சமுத்து மாமாவின் நல்லூர்க் கொல்லைக்கு அனுப்பினேன். "வெள்ளையா மாவாட்டம் இருக்குதே" என்று மாமாவுக்கு வாயெல்லாம் பல். ஒன்றரை ஏக்கருக்கும் தூவிவிட்டார்.

வகுப்பில் போட்டோ காட்டினேன். பாலாம்பிகா அந்தப் பொடிக் குவியல் மேல் ஏறி, முழங்கால் வரை வெள்ளையாக நிற்கிற போட்டோ. எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் முழு மார்க் போட்டார்.

உன் அச்சு வீணாகவில்லை, உன் மாமனார் நிலத்துக்கே போய்ச் சேர்ந்தது. இதைச் சொல்லத்தான் எழுதினேன். பதில் போடு.

அக்கா
பானுமதி


மோர்பி
17.2.2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது.

போனில் ஏன் பேசவில்லை என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். போனில் நீ பேச ஆரம்பித்தால் நான் "சரிக்கா" என்று முடிப்பேன். முப்பத்தெட்டு வயது வரை அப்படித்தான் முடித்தேன். தாளில் அந்த வார்த்தை தானாக வராது.

அந்த அச்சுகளைச் செய்ய எனக்கு எத்தனை வருஷம் ஆனது என்று உனக்குத் தெரியும். "பொம்மை ஓடல, ப்யூஸ் ஓடுது, ரேக்கு வேணும்" என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லியிருந்தால் நானே இறக்கிக் கொடுத்திருப்பேன். மொட்டையடித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறேன், ரேக்கு காலி. நீ "டீ குடிச்சியா" என்றாய். அதனால்தான் மோர்பிக்கு வந்தேன். அதை விடு.

இப்போது நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் எழுதாதே. நீ அரைத்தது எந்தக் குவியல்? கேட்டுக்குப் பக்கத்தில் சுவரோரம் இருந்ததா, கிளேஸ் ரூமுக்குப் பின்னால் இருந்ததா?

இங்கே டைல்ஸ் கம்பெனியில் எனக்கு இரண்டாம் ஷிப்டு. சாப்பாடு ரொட்டி. உடம்புக்கு ஒன்றுமில்லை.

ராஜ்மோகன்


விருத்தாசலம்
25.2.2025

தம்பிக்கு,

"வேறு எதுவும் எழுதாதே" என்றால் நான் கேட்பேனா? குவியல் என்றால் குவியல். அதில் என்ன ஜாதகமா பார்ப்பார்கள்? இரண்டுமே நம் பட்டறையில் இருந்ததுதானே?

சரி. கிளேஸ் ரூமுக்குப் பின்னால் இருந்தது. சுவரோரக் குவியலை எடுக்கப் போனால் டிராக்டர் திரும்ப இடமில்லை. ஓட்டுகிற மாயவன், "பின்னாடி எடுத்துக்கலாங்க்கா, ரிவர்ஸு ஈஸி" என்றான். நானும் சரி என்றேன். ஏன் கேட்கிறாய்?

உன் கடிதம் வந்த அன்றைக்கே பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லை, உனக்குத் தெரியும். களிமண்ணும் சூளையும் விற்பனையும் என்னுடையது, கலரும் கிளேஸ் பூச்சும் உன்னுடையது என்று நாம் பிரித்துக்கொண்டதோடு சரி. குவியல் இருந்த இடத்தில் தரை மட்டும் மிச்சம். உட்கார்ந்து விரலால் கிளறினேன். வெள்ளைக்கு நடுவே மஞ்சளாக, சிவப்பாகத் துணுக்குத் துணுக்காக இருக்கிறது. பொம்மை உடைந்த சில்லாக இருக்கும் என்று எடுத்து நசுக்கினேன். சில்லு நசுங்காது. இது நசுங்கியது.

இந்த ஞாயிறு வகுப்பில் மண்ணைப் பற்றிப் பாடம். ஒரு சாமானை மண்ணில் போடுவது சுலபம், திரும்ப எடுப்பதுதான் கஷ்டம் என்று மேடம் சொன்னார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. வகுப்பு முடிந்து, வேறு யாருக்கோ நடந்தது போல, "மேடம், ஒருத்தர் தெரியாம கிளேஸ் பொடிய நிலத்துல போட்டுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "என்ன கிளேஸ்னு தெரியணும்க்கா. பழைய கலர் கிளேஸ்ல ஈயம் இருக்கலாம்" என்றார். "யாருக்கா அது?" என்றார். "தூரத்து சொந்தம்" என்றேன்.

நம்முடைய மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருந்தது? உனக்குத்தான் தெரியும். சீக்கிரம் எழுது.

அக்கா


மோர்பி
4.3.2025

அக்காவுக்கு,

ஈயம் இருந்தது. மஞ்சளிலும் சிவப்பிலும். அப்போது எல்லோரும் அதைத்தான் வாங்கினோம், பளபளப்பு அதில்தான் வரும். கிளேஸ் ரூமில் வேலை செய்கிறவர்கள் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது என்று நான் சத்தம் போட்டதை நீ கேட்டிருப்பாய். தினம் சாயங்காலம் தரையைக் கூட்டி அள்ளிப் பின்பக்கம்தான் கொட்டுவோம். அந்தக் குப்பை மேல்தான் நீ உடைத்த அச்சுகளைப் போட்டிருக்கிறார்கள். நீ இரண்டையும் சேர்த்து அரைத்திருக்கிறாய். அரைக்காமல் இருந்தால்கூடக் கட்டியாகக் கிடந்திருக்கும். மாவாக்கி விட்டாய்.

கடிதம் கையில் கிடைத்ததும் பூர்ணிமாவைக் கூப்பிட்டேன். பாலாம்பிகாவைக் கொல்லைப் பக்கம் விடாதே, அங்கே போட்டுப் போன செருப்பு வூட்டுக்குள்ளே வரக் கூடாது, பிள்ளைக்குச் சோறு போடும் முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்றேன். "ஏங்க, என்னாச்சு?" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காரணத்தை நான் சொல்ல மாட்டேன். அதை நீ போய்ச் சொல்ல வேண்டும். என் மாமனார் முகத்துக்கு நேராக.

பங்குனி உத்திரம் கழித்து மல்லாட்டை பிடுங்குவார். அதற்கு முன்னால் சொல். பிடுங்கிவிட்டால் பச்சையாக நாலு வூட்டுக்குக் கொடுத்து அனுப்புவார், பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தில் மண்ணோடு உரித்துத் தின்னும். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எனக்குத் தூக்கம் இல்லை. போட்டோவில் பிள்ளை முழங்கால் வரை வெள்ளையாக நின்றாள் என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

ராஜ்மோகன்


விருத்தாசலம்
14.3.2025

தம்பி,

உன் கடிதம் வந்த அன்று பட்டறையை மதியமே மூடிவிட்டேன். மஹிரா மேடம் வீட்டுக்கே போய், தூரத்துச் சொந்தம் நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "சோதிச்சுப் பாத்தீங்களான்னு நானும் கேக்கலக்கா. கை தட்டுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றார். எனக்கு அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவரோடு நல்லூர் போய்க் கொல்லையில் பல இடத்தில் மண் எடுத்தோம். நாலு செடியும் பிடுங்கினோம். காலேஜ் வேலை என்று மாமாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. கடலூர்ப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வர நாளாகுமாம். பருப்புக்குள் அதிகம் போகாது, ஓட்டிலும் ஒட்டிய மண்ணிலும்தான் ஆபத்து, அதுவும் மண்ணில் விளையாடிக் கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குத்தான் முதலில் என்று மேடம் சொல்கிறார். பாலாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்கிறார். அதை எப்படிக் காரணம் சொல்லாமல் பார்ப்பது?

நீ கேட்கப் போவது தெரியும். சொல்லவில்லை. இரண்டு தடவை போனேன். மாசி மகத்தன்று ஒரு தடவை. மாமா மோர் கொண்டுவரச் சொன்னார், குடித்தேன், வந்துவிட்டேன். நான் வியாபாரி. பொய் சொல்லி ஒரு சாமானும் விற்றதில்லை, ஆனால் கேட்காததைச் சொல்லியும் விற்றதில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இப்படி எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. இருந்தாலும் அதுதான் நடந்தது.

முடிவு வந்த பின் சொன்னால் என்ன? ஒன்றுமே இல்லை என்று வந்தால்? வீணாக அந்த மனிதரின் ஒரு போகத்தைக் கெடுத்தவள் ஆவேன். நல்லூரிலும் வேப்பூரிலும் என் சரக்கை எவன் தொடுவான்?

இதில் இன்னொன்று. கொல்லையில் ஒரு ஓரம் செடி மஞ்சளடித்திருக்கிறது. அது நம் பொடியால்தான் என்று சொல்ல முடியாது, இரும்புச் சத்துக் குறைந்தாலும் அப்படி ஆகுமாம். மாமாவோ அதையும், நீ பிள்ளையைக் கொல்லைக்கு விடாதே என்றதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். "எவனோ என் கொல்லைல ஏதோ செஞ்சு வச்சிட்டான் பானு. மாப்ள எங்கியோ ஜோசியம் கேட்டிருக்காரு, எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாரு. கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிடப் போறேன்" என்கிறார். திங்கட்கிழமை, அதாவது 24ஆம் தேதி, மணவாளநல்லூர் கோயிலுக்குப் போகிறாராம். சாமிக்குப் புகாராகக் கட்டுகிற அந்தப் பிராதைத் தாளில் எழுத என்னை வரச் சொல்கிறார். "எனக்குக் கை நடுங்குது. நீதான் இப்ப காலேஜு ஆச்சே" என்றார்.

நீ ஒரு போன் போட்டு அவரிடம் சொல்லிவிடு. மாப்பிள்ளை சொன்னால் பொறுத்துக்கொள்வார். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

அக்கா


மோர்பி
19.3.2025
விரைவுத் தபால்

அக்கா,

மாட்டேன்.

அச்சை உடைக்கும்போது என்னைக் கேட்டாயா? அரைக்கும்போது கேட்டாயா? சொல்கிற நேரத்தில் மட்டும் தம்பி வேண்டுமா?

முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் சொல்ல வேண்டியதுதான். தன் நிலத்தில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உன் பாடத்தில் இது இல்லையா?

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் அவரிடம் சொல்லாமல் எனக்குப் போன் போடாதே.

ராஜ்மோகன்


விருத்தாசலம்
25.3.2025, செவ்வாய்

தம்பி,

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று காலை மாமா வேஷ்டி சட்டையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். கோயிலில் கூட்டம் இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாள் வெள்ளாடு காணாமல் போனதற்குப் பிராது எழுதிக்கொண்டிருந்தாள், ஆட்டின் அடையாளம் சொல்லிச் சொல்லி. மாமா ஒரு தூண் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, "எழுதும்மா" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "கொளஞ்சியப்பருக்கு, நல்லூர் பச்சமுத்து எழுதிக்கறது. எனக்கு இருக்கறது ஒண்ணரை ஏக்கரா. மல்லாட்டை போட்டேன். நல்லா வந்துச்சு. யாரு கண்ணு வச்சாங்களோ, யாரு காசு குடுத்து செஞ்சாங்களோ தெரியல. செடி மஞ்சளடிச்சிப் போச்சு. எம் பேத்தி காலு வைக்கக் கூடாதுங்கறாங்க. எம் மனசு அடிச்சிக்குது."

அதுவரை எழுதிவிட்டேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. அடுத்து, "செஞ்சவங்க பேரு தெரியலன்னு போடு. சாமிக்குத் தெரியும், அது பாத்துக்கும்" என்றார்.

வகுப்பில் நாலு மாதமாக உட்கார்ந்து கேட்கிறேன். நிலம், நீர், காற்று, வருங்காலச் சந்ததி. எல்லாம் பெரிய பெரிய வார்த்தை. பரீட்சையில் எழுதிவிடுவேன். அந்தத் தூணடியில் எனக்கு எதிரே இருந்தது அறுபத்தெட்டு வயதான ஒரு ஆள், பல்லில் வெற்றிலைக் கறை. தெரியவில்லை என்று நானே என் கையால் எழுதினால் அப்புறம் எந்த முடிவு வந்தாலும் நான் சொல்லப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"தெரியும் மாமா" என்றேன்.

"யாரு?"

"நான்தான்."

முதலில் சிரித்தார். "வெளையாடாத, கூட்டம் சேருது பாரு" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். எந்தக் குவியல், அதில் என்ன இருந்தது, ஈயம் என்றால் என்ன, மண் எடுத்தது எதற்கு, எல்லாம். உன்னைக் கேட்காமல் செய்ததையும் சொன்னேன்.

"அந்த வெள்ளப் பொடியா?"

"ஆமா மாமா."

"அதுலதான கொழந்த ஏறி நின்னுச்சி."

"ஆமா."

ஆட்டுக்காரம்மாள் பிராதை முடித்து எழுந்து போனாள். பிறகு கேட்டார், "ஒனக்கு எப்பத் தெரியும்?"

இதைத்தான் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். "மாசி மகத்துக்கு முன்னாடியே" என்றேன்.

"மாசி மகத்தன்னிக்கு எங்கூட்டுல உக்காந்து மோரு குடிச்ச."

"குடிச்சேன் மாமா."

"பாலா உம் மடியில உக்காந்திருந்தா."

அவர் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"எழுது."

"என்ன மாமா எழுத?"

"பேரு. எழுதத்தான ஒன்ன இட்டாந்தேன்."

எழுதினேன். பானுமதி, தகப்பன் பெயர் கோவிந்தசாமி, பட்டறை விலாசம் வரைக்கும். அவர் தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். ஐயரிடம் கொடுத்து சாமி பாதத்தில் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னிதியில் அவரே கட்டினார். முடிச்சு நழுவியது. நான் முடிச்சுப் போடப் போனேன். "நீ தொடாத" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முன் சீட்டில், நான் பின்னால். நல்லூரில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு சாமி பயம் பெரிதாகக் கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் என் பெயர் அங்கே தொங்குகிறது என்ற நினைப்பு போகவில்லை. பாலாவை இன்று ரத்தம் எடுக்கக் கூட்டிப் போனார்கள் என்று பூர்ணிமா சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை.

அக்கா


மோர்பி
31.3.2025

அக்கா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே மாமனார் போன் போட்டார். நலம் விசாரிக்கவில்லை. "மாப்ள, ஒங்களுக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் மாமா என்றேன். வைத்துவிட்டார். பூர்ணிமாவும் இரண்டு நாள் பேசவில்லை.

நீயே சொல்ல வேண்டும் என்று நான் அடம்பிடித்தது நியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் இங்கே நியாயத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அவர் அந்தக் கொல்லையில் வெறுங்காலோடு களை எடுத்திருக்கிறார். பிள்ளையை மட்டும் காப்பாற்றினேன். அவரை விட்டுவிட்டேன். பூர்ணிமா இதைத்தான் கேட்டாள், "எங்கப்பா மனுஷன் இல்லையா?"

பன்னிரண்டாம் தேதிதான் லீவு கொடுத்திருக்கிறார்கள். கிளம்பி வருகிறேன். ரத்தப் பரிசோதனை, மண் பரிசோதனை எது முதலில் வந்தாலும் உடனே சொல். போன் போடு. எடுப்பேன்.

ராஜ்மோகன்


விருத்தாசலம்
5.4.2025

தம்பி,

செவ்வாய்க்கிழமை போனில் இரண்டு முடிவையும் சொன்னேன். "ம்" என்று கேட்டுக்கொண்டாய். இருந்தாலும் மிச்சத்தைத் தாளிலேயே எழுதுகிறேன். போனில் பேசினால் நான் விற்க ஆரம்பித்துவிடுவேன். கெட்ட சரக்கை நல்ல பக்கம் திருப்பிக் காட்டுகிற பழக்கம் நாக்கில் இருக்கிறது.

பாலா ரத்தத்தில் ஈயம் கொஞ்சம் இருக்கிறது. மருந்து கொடுக்கிற அளவுக்கு இல்லை, இனி சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள் என்று டாக்டர் சொன்னார். "கொஞ்சம்" என்ற வார்த்தையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கொஞ்சம் கீறல் இருக்குது சார், கொஞ்சம் கோணல் சார் என்று. அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிகிறது.

மண்ணில், தூவின இடமெல்லாம் லேசாகத்தான் இருக்கிறது. டிராக்டர் லோடை இறக்கின மூலையில்தான் நிறைய. பிள்ளை ஏறி நின்ற இடம். பருப்பில் பயப்படும் அளவு இல்லை என்று தாளில் இருக்கிறது. மேடத்தோடு போய் மாமாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். பருப்பை மட்டும் உடைத்து எண்ணெய் ஆட்டலாமா என்று யோசிக்கலாம் என்பது போல நான் வாயைத் திறந்தேன். "விக்கறதா? நான் என்ன ஒன்னாட்டமா?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஒரு செடிகூட வூட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூர்ணிமா உள்ளேயே இருந்தாள்.

போன ஞாயிறு வகுப்பில், என் செய்முறையைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நானே கேட்டு எழுந்து நின்றேன். அதே போட்டோவைக் காட்டி, இதில் நான் காட்டாமல் விட்டது என்ன என்று சொன்னேன். பழமலைநாதன் மட்டும், "அப்ப நாங்க கை தட்டினத திருப்பி வாங்கிக்கறதாக்கா?" என்றார். வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மார்க்கைக் குறைக்கச் சொன்னேன். மேடம், "குறைச்சா உங்களுக்கு நிம்மதியாயிடும். அதுக்காகவே குறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மங்கலம்பேட்டைக்காரருக்கு வாய் நீளம்.

சஸ்டெயினபிலிட்டி என்றால் என்ன என்று அந்த பெங்களூர்ப் பையன் இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். சொல்லிவிட்டு ஆர்டரும் வாங்க முடியுமா, தெரியாது. எங்கள் பாடப் புத்தகத்தில் வட்டமாக ஒரு படம் இருக்கிறது, கழிவு சுற்றிப் போய் மறுபடி பொருளாகிறது என்று அம்புக்குறி போட்டு. அந்த அம்புக்குறியை நான் ரொம்ப நம்பிவிட்டேன். ஒவ்வொரு அம்புக்குறியிலும் ஒரு ஆள் நிற்கிறான், அவனிடம் கேட்க வேண்டும் என்று படத்தில் போடவில்லை. போட்டிருந்தாலும் நான் கவனித்திருப்பேனா? உன்னையே கேட்காதவள்.

அந்த மூலை மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு எடுத்தாயிற்று. முகத்தில் துணி, கையில் உறை, ஈரம் போட்டுத் தூசி பறக்காமல். ஆட்களோடு நானும் எடுத்தேன். மூட்டைகளைப் பட்டறையில் சிமெண்டுத் தரை மேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். இதை வாங்கிக்கொள்கிற இடம் எங்கே என்று மேடம் விசாரிக்கிறார். இதுவரை ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. ஒரு போகத்துக்கு மாமாவுக்கு என்ன வருமோ அதைக் கொண்டு போய் வைத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டார், எண்ணாமலே.

அப்போதுதான் துணிந்து கேட்டேன். "மாமா, பிராத எப்ப திருப்பி வாங்கி ராஜினாமா பண்ணுவீங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எங்கே கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

"மார்கழிப் பட்டத்துக்கு மறுபடி மல்லாட்டைதான் போடப் போறேன். அந்த மூலைலயும் போடுவேன். மண்ணு சரியாயிடுச்சின்னு ஒங்க தாளு சொல்லும், ஒங்க டீச்சரு சொல்லும். அதெல்லாம் படிச்சா எனக்குப் புரியாது. மொதச் செடிய நான் பிடுங்குவேன். அங்கியே உக்காந்து நீ தின்னணும், பச்சையா, எங் கண்ணு முன்னாடி. நீ தின்னன்னா நான் அன்னிக்கே போயி ராஜினாமா பண்ணிடறேன்."

"சரி மாமா" என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அதற்குள் மண்ணை இன்னும் இரண்டு தடவையாவது சோதிக்க வேண்டும். ஒரு முழம் போதுமா, இன்னும் தோண்ட வேண்டுமா என்று நீ வந்து பார்த்துச் சொல். உனக்குத்தான் அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியும். நான் தின்பது பெரிதில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. நான் தின்று முடித்ததும் பாலாவும் கையை நீட்டுவாள், மாமா கொடுப்பார்.

அக்கா
பானுமதி